குனியாத குடும்பம்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. மறைப்பதற்காக அல்ல, எழுதினால் பிழையாகத்தான் எழுதுவேன். கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்த ஆறு வருஷமும் அந்தப் பெயரை ஆள் பட்டியலில் அடித்திருக்கிறேன். மாதத்துக்கு ஒரு தினுசாக வரும். மெய்யெழுத்துகள் தேர்க்கூட்டம் மாதிரி ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். நடுவில் மூச்சுவிட ஓர் உயிரெழுத்து கிடைக்காது. மாதம் தவறாமல் என் மேஜைக்கு வந்து, "மிஸ்டர் டைப்பிஸ்ட், என் பெயரை மாற்ற ரஷ்யச் சக்கரவர்த்தி நூறு வருஷம் முயன்றார், முடியவில்லை. நீங்கள் ஒரு காலையில் மாற்றிவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி. ரங்கூன் ஆற்றுக்கு அக்கரையில், டல்லாவில், எங்கள் மரக் கம்பெனி இருந்தது. தேக்குக் கட்டைகள் தெப்பமாக ஆற்றில் வந்து சேரும். விஞ்சு வைத்து அவற்றைச் சங்கிலியால் கரைக்கு இழுப்பார்கள். இழுத்துப் போட்ட கட்டையை நாடா பிடித்து அளந்து, சுண்ணக்கட்டியால் எண் போடுவது அவர் வேலை. வெள்ளைக்காரர்தான், ஆனால் மற்ற வெள்ளைக்காரர்கள் தங்கள் கிளப்பில் சேர்த்துக்கொள்ளாத வெள்ளைக்காரர். வயது ஐம்பத்தைந்து இருக்கும். எப்போதோ ஏதோ ஒரு கப்பலிலிருந்து இறங்கி, திரும்ப ஏறாமல் நின்றுவிட்டவர்.

எந்த நாட்டுக்காரர் என்று கேட்பவர்கள் அரை மணி நேரத்தை ஒதுக்கிக்கொண்டு கேட்க வேண்டும். ஒரு காலத்தில் போலந்தும் லிதுவேனியாவும் சேர்ந்து ஒரே ராஜ்யமாக இருந்ததாம். அதில் இவருடைய முன்னோர்கள் பிரபுக்கள். பிறகு ரஷ்யா வந்து விழுங்கிவிட்டது. ஜெர்மன் சண்டை முடிந்ததும் போலந்து ஒரு நாடாகவும் லிதுவேனியா ஒரு நாடாகவும் திரும்பப் பிறந்தன. பிறந்த கையோடு தங்களுக்குள் அடித்துக்கொள்ளவும் ஆரம்பித்தன. சண்டையே இவருடைய சொந்த ஊரான வில்னா யாருக்கு என்பதுதான். இவர் இரண்டு பக்கத்தையும் விடவில்லை. திங்கட்கிழமை போலந்துக்காரர், செவ்வாய்க்கிழமை லிதுவேனியாக்காரர். எல்லாக் கிழமையும் பிரபு.

கம்பெனியிலிருந்த பர்மியர்கள் அவரை 'போ லான்' என்று கூப்பிட்டார்கள். போலந்து என்ற சொல் அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டது. பர்மிய மொழியில் 'போ' என்றால் படைத்தலைவன். அதை யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். "பார்த்தீர்களா, இந்த மக்களுக்கு ரத்தத்தை அடையாளம் தெரிகிறது" என்று ஒரு வாரம் பூரித்துத் திரிந்தார். தமிழ்க் கூலிகளும் அதே பெயரால்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அவர்கள் அதைக் கையை வீசிக்கொண்டு, தமிழ் அர்த்தத்தில் கூப்பிட்டார்கள்.

அவருடைய குடும்பம் ரஷ்யாவுக்கு எதிரான எல்லாக் கலகத்திலும் இருந்தது. கொள்ளுத் தாத்தாவின் தகப்பனார் ஒரு கலகத்தில் குதிரையை இழந்தார். கொள்ளுத் தாத்தா அடுத்த கலகத்தில் ஒரு கண்ணை இழந்தார். தாத்தா கடைசிக் கலகத்தில் மாளிகையையும் நிலத்தையும் இழந்து சைபீரியாவுக்குப் போனார். எல்லாக் கலகமும் தோற்றது என்பதை மட்டும் கேட்பவர்கள் தாங்களாகவே கூட்டிக் கழித்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

தாத்தா கதைதான் அவருக்கு உயிர். ரஷ்ய கவர்னர் குதிரையில் ஊர்வலம் வருகிறார். தெருவே தொப்பியைக் கழற்றி நிற்கிறது. தாத்தா மட்டும் கழற்றவில்லை. கவர்னர் குதிரையை நிறுத்தி, "ஏன்?" என்கிறார். "என் தலை குளிர்கிறது" என்கிறார் தாத்தா. நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம் கவர்னரோடு இருபது சிப்பாய்கள் வந்தார்கள். நான் வேலையை விட்ட வருஷம் இருநூறு பேரும் ஒரு பீரங்கியும் வந்துகொண்டிருந்தார்கள். கதை முடிந்ததும், கட்டைவிரல் தடிமனுக்கு விரலில் கிடந்த முத்திரை மோதிரத்தைக் காட்டுவார். குதிரை லாடம், அதன்மேல் ஒரு வாள். "எங்கள் குடும்பத்தில் யாரும் குனிந்ததில்லை" என்று முடிப்பார்.

காலை ஏழு மணியிலிருந்து மாலை வரை அவர் செய்த வேலை குனிந்து கட்டை அளப்பது. அது பிழைப்பு, அதைச் சொல்லிச் சிரிப்பது தப்பு. ஆனால் மானேஜர் துரையின் மோட்டார் லாஞ்சு ஆற்றில் ஊதுகிற சத்தம் கேட்டதும் நாடாவைப் போட்டுவிட்டு நிமிர்ந்து, கோட்டுப் பொத்தானை மாட்டி, தொப்பியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பாரே, அதற்கு யாரும் கூலி கொடுக்கவில்லை. லாஞ்சு கரை சேரக் கால் மணி நேரம் ஆகும். வெயிலில் அந்தக் கால் மணி நேரமும் வழுக்கை மின்ன நிற்பார். விஞ்சு ஓட்டும் சுடலைமுத்து மேலே தன் இருக்கையிலிருந்து இதைத் தினமும் பார்ப்பான்.

"அண்ணாச்சி, துரைக்குத் தலை இன்னிக்குக் குளிரல போலுக்கு" என்று என்னிடம் சொல்வான்.

சுடலைமுத்து திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கம்பெனி வாசலில் மொஹிங்கா விற்ற மா சீன் அவன் மனைவி. மீன் குழம்பில் நனைத்த அரிசிச் சேமியாதான் மொஹிங்கா. பர்மாவில் அதைச் சாப்பிடாமல் யாருக்கும் பொழுது விடியாது. அவரும் தினமும் அவளிடம்தான் சாப்பிடுவார். முதல் நாள் சாப்பிட்டு முடித்ததும், பிரபு வீட்டு வழக்கப்படி, குழம்பு ஒட்டிய அவள் கையை எடுத்து முத்தமிட்டுவிட்டார். அவள் போட்ட கூச்சலில் கம்பெனியின் மரம் அறுக்கும் ஆலை நின்றுவிட்டது. சுடலைமுத்து விஞ்சிலிருந்து குதித்து ஓடி வந்தான். அதன் பிறகு அவர் அவளுக்குத் தலையை மட்டும் சாய்த்து வணக்கம் சொல்லிக்கொண்டார்.

என்னிடம் அவருக்கு வேறு காரியம் இருந்தது. தன் வம்சத்துக்குச் சான்றிதழ் வாங்கக் கடிதம் போட வேண்டும். வேலை முடிந்தபின் உட்கார்ந்து சொல்வார், நான் அடிப்பேன். போலந்தின் தலைநகர் வார்சாவுக்கு ஒன்று, லிதுவேனியா சர்க்கார் இருந்த காவ்னாஸுக்கு ஒன்று. வார்சாவுக்குப் போகும் கடிதத்தில் அவர் பெயர் ஒரு மாதிரி முடியும், காவ்னாஸுக்குப் போவதில் வேறு மாதிரி. காவ்னாஸிலிருந்து ஒரு வருஷம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் குடும்ப ஆவணங்கள் வில்னாவில் உள்ளன, வில்னா தற்போது பிறர் கையில் உள்ளது, மீட்டதும் தகவல் தெரிவிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். "பொறுத்திருப்போம்" என்றார் அவர். வார்சாவிலிருந்து பதிலே இல்லை. அவர் சொல்வதெல்லாம் கப்பல் மாலுமிக் கதை என்றே கம்பெனியில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்.

அந்தக் கோடையில் ஆலையில் ஒரு சலசலப்பு. மதியம் ஒரு மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று கூலிகள் கேட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் நின்று மானேஜரிடம் பேசியவன் சுடலைமுத்து. பேசிய மூன்றாம் நாள், விஞ்சுச் சங்கிலி அறுந்தது. பாதி ஏறிய தேக்குக் கட்டை திரும்பி உருண்டு, புதிதாக வந்திறங்கியிருந்த ரம்ப மெஷினை நொறுக்கிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலையே சுடலைமுத்துவைப் போலீஸ் கொண்டுபோனது. ஓய்வு கொடுக்காத கோபத்தில் வேண்டுமென்றே சங்கிலியை உடைத்தான் என்று மானேஜர் புகார் எழுதிக் கொடுத்தார். ருசுவானால் ஜெயில்.

அந்தச் சங்கிலி ஒரு மாதமாகவே விரிசல் விட்டிருந்தது. எனக்குத் தெரியும். தெரிந்ததற்குக் காரணம் போ லான்தான். கட்டை அளக்கும்போது கண்ணில் பட்டு, "விஞ்சுச் சங்கிலியில் கொக்கிப் பக்கம் ஒரு கண்ணி விரிந்திருக்கிறது, மாற்றுவது நல்லது" என்று மானேஜருக்கு நான்கு வரிக் குறிப்பு சொன்னார். நான் அடித்தேன். அசல் மானேஜருக்குப் போனது. கார்பன் நகல் என் கோப்பில் இருந்தது. சங்கிலி அறுந்த மறுநாள் காலை மானேஜர் என்னைக் கூப்பிட்டு, "சங்கிலியைப் பற்றி ஏதாவது காகிதம் உண்டா?" என்றார். "இல்லை சார்" என்றேன். அப்போது நகல் என் சட்டைக்குள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. தைரியம் என்று எண்ணிவிடாதீர்கள். அதைக் கொடுக்கவும் பயம், காட்டவும் பயம். அதனால் சட்டைக்குள் வைத்திருந்தேன்.

மா சீன் என்னிடம் வந்தாள். படித்த எழுத்தர்களைப் பர்மியர் 'சயா' என்பார்கள்.

"சயா, சங்கிலி கெட்டுப்போச்சு. போ லான் என் கடையில உக்காந்து சாப்பிட்டு சொன்னாரு. நீயும் கேட்ட, நானும் கேட்ட. இப்ப யாரு சொல்லுது?"

"அவர் சொல்லணும் மா சீன். அவர் வெள்ளைக்காரர். அவர் சொன்னா கோர்ட்டு கேக்கும்."

நான் சொன்னது உண்மைதான். அதில் எனக்கு இருந்த சௌகரியமும் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சம்பான் படகு ஏறி, ரங்கூன் பக்கத்து லத்தாவுக்குப் போனோம். சீனன் ஒருவனின் மளிகைக் கடைக்கு மேலே அவர் அறை. கீழேயிருந்து கருவாட்டு வாடை ஏறிக்கொண்டிருந்தது. சுவர் முழுக்க வம்ச மரம். பழைய கப்பல் அட்டவணைகளின் பின்பக்கத்தில் வரைந்து ஒட்டியது. இருநூறு பேராவது கிளை கிளையாகத் தொங்கினார்கள். மா சீன் தரையில் உட்கார்ந்து கைகூப்பினாள். அவர் பதறி அவளை எழுப்பி, அறையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்தார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது.

"ஒரு நிரபராதியை, ஓய்வு கேட்டதற்காகவா? இதைத்தான் ரஷ்யர்கள் எங்களுக்குச் செய்தார்கள்!" என்று சுவரில் ஒரு கிளையைத் தட்டினார். "இவர் எதற்காகச் சைபீரியா போனார்? மிஸ்டர் டைப்பிஸ்ட், இந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள். நான் கோர்ட்டில் சொல்வேன். என் தாத்தாவின் பெயரால் சொல்வேன்."

மோதிரத்தை உதட்டில் ஒற்றிச் சத்தியம் செய்தார். கண்ணில் நீர் இருந்தது. நடிப்பென்று அன்றும் எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை. அந்த அறையில் இருந்தவரை அவர் கலகக்காரர்தான். மா சீன் படியிறங்கும்போது சிரித்தாள்; கணவன் பிடிபட்டபின் அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். நான் மட்டும் அன்று இரண்டாவது வேலையாக, சுடலைமுத்துவின் வக்கீல் வீட்டுக் கதவிடுக்கில் ஓர் உறையைச் செருகிவிட்டு வந்தேன். உள்ளே கார்பன் நகல். யார் அனுப்பியது என்று எழுதவில்லை. போ லான் சொல்லப்போகிறார், இது எதற்கும் இருக்கட்டும், என் பெயர் வெளியே வராது என்று கணக்குப் போட்டேன்.

கோர்ட்டில் மானேஜர் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். போ லான் கனத்த கம்பளிக் கோட்டில் கூண்டேறினார். ரங்கூன் சித்திரை வெயிலில் அந்தக் கோட்டுக்கே ஒரு விருது கொடுக்கலாம். சங்கிலியில் பழுது இருந்ததா என்று வக்கீல் கேட்டார். அவர் வாயைத் திறந்தார். மானேஜர் லேசாக இருமினார். அவ்வளவுதான், இருமல்தான்.

"என் வேலை கட்டை அளப்பது" என்றார் அவர். "சங்கிலி என் இலாகா அல்ல."

"பழுதைப் பார்த்தீர்களா, இல்லையா?"

"நான் கட்டைகளைப் பார்ப்பேன்."

துபாஷி இதைப் பர்மியத்தில் சொன்னதும் மா சீன் எழுந்தாள். அவளைத் தடுக்க வந்த சேவகனை ஒரு கையால் ஒதுக்கினாள். பர்மியத்தில் அவள் கத்தியது கோர்ட்டுக் கூரைவரை போனது. "நீ சொன்னாய்! என் கிண்ணத்தில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய்! அந்தச் சங்கிலி ஒருநாள் ஆளைக் கொல்லும் என்று சொன்னாய்!" மாஜிஸ்திரேட் விசாரித்தார். குற்றஞ்சாட்டப்பட்டவனின் மனைவி என்று தெரிந்ததும் கையை அசைத்து உட்காரச் சொல்லிவிட்டார். போ லான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வக்கீல் உறையிலிருந்து நகலை எடுத்தார். நான்கு வரிகளையும் சத்தமாக வாசித்தார். "அடியில் டைப் செய்தவரின் தலைப்பெழுத்துகளும் உள்ளன" என்று சொல்லி என்னுடையதை இரண்டு முறை வாசித்தார். எந்தக் காகிதம் அடித்தாலும் கீழே இடது ஓரத்தில் என் பெயரின் தலைப்பெழுத்துகளைச் சின்னதாக அடிப்பது என் வழக்கம். ஒழுங்கான டைப்பிஸ்ட் அப்படித்தான் செய்வான். ரகசியம் காக்கத் தெரிந்தவன் அதைக் கிழித்துவிட்டு அனுப்புவான். மானேஜர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த நிமிஷமே என் வேலை போய்விட்டது; கடிதம் மறுநாள் காலைதான் வந்தது.

"இது நீங்கள் சொல்லி அடித்ததா?" என்று மாஜிஸ்திரேட் நேராகவே கேட்டார்.

போ லான் மானேஜரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மோதிரத்தைத் திருகினார்.

"சாத்தியம்தான்" என்றார்.

ரஷ்யாவுக்கு எதிராக மூன்று முறை எழுந்த குடும்பத்தின் நான்காவது எழுச்சி அந்த ஒரு சொல்லோடு முடிந்தது. ஆனாலும் அது போதுமானதாக இருந்தது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்துச் சுடலைமுத்துவை விட்டுவிட்டார்கள். துபாஷி அவனிடம், "துரை எழுதின காகிதத்தால் நீ தப்பினாய்" என்று சுருக்கமாகச் சொன்னான். இங்கிலீஷில் நடந்ததில் அவனுக்கு வேறொன்றும் புரியவில்லை. வெளியே வந்ததும் நேராக ஓடிப்போய் போ லான் காலில் விழுந்தான்.

"சாமி, ஏழேழு சென்மத்துக்கும் மறக்க மாட்டேன்!"

அவர் அவனைத் தூக்கி நிறுத்தி, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. நான் பத்தடி தள்ளி நின்றேன். மா சீன் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சொல்லட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம் சயா. அவரு உள்ள இருந்தப்ப ரொம்ப பயந்துட்டாரு. ஒரு நல்ல மனுசன் இருக்கான்னு நெனைச்சிக்கட்டும்" என்றாள். 'அவரு' என்றது கணவனை. பிறகு புதுவேலை கிடைக்கும்வரை எனக்கு அவள் வீட்டில்தான் சாப்பாடு.

நான் லத்தாவில் ஓர் அரிசி வியாபாரியின் ஆபீசில் சேர்ந்தேன். போ லான் மரக் கம்பெனியிலேயே இருந்தார். 'சாத்தியம்தான்' என்ற சொல்லுக்காக மானேஜரால் யாரையும் விலக்க முடியாது. லத்தாவின் டீக்கடைகளில் அவர் கதை சொல்வது அவ்வப்போது காதில் விழும். தாத்தா, கவர்னர், தொப்பி எல்லாம் முன்போலவே இருந்தன. புதிதாக ஒரு கோர்ட்டும் ஓர் இந்தியக் கூலியும் சேர்ந்திருந்தார்கள். "என் கடிதம்தான் அவனை விடுவித்தது" என்பார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். சுடலைமுத்து வேறு, தீபாவளிக்குத் தீபாவளி வாழைத்தாரோடு அவர் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் என் ஆபீசுக்கே வந்தார். ஒன்றும் நடக்காதது போலக் கையை நீட்டினார்.

"மிஸ்டர் டைப்பிஸ்ட், வார்சா பதில் போட்டுவிட்டது."

நம்பாமல் வாங்கினேன். முத்திரைகளோடு ஓர் ஆவணம். கூடவே அங்கேயே செய்த இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, மட்டமான காகிதத்தில். கடைசிப் பத்தி வரை படித்தேன். எல்லாம் உண்மை. பிரபு குடும்பம் உண்மை. லாடமும் வாளும் உண்மை. குதிரையை இழந்தவர், கண்ணை இழந்தவர், இருவர் பெயரும் கலகக்காரர் பட்டியலில் இருந்தன. தாத்தா சைபீரியா போனதும் உண்மை. இத்தனை நாள் மனுஷனைப் புளுகர் என்று சிரித்தோமே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"நல்ல காகிதத்தில் அடித்துத் தாருங்கள். கண்ணாடிச் சட்டம் போட வேண்டும். இந்த ஊரில் உங்களைப் போல யாரும் அடிப்பதில்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, கடைசிப் பத்தியில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். "இதை மட்டும் விட்டுவிடலாம்."

அவர் விரலை எடுத்ததும் வாசித்தேன். கலகக்காரர்களுக்குத் தானியம் கொடுக்கச் சொல்லித் தாத்தா பெயரில் எழுதிய ஒரு கடிதம் பிடிபட்டிருக்கிறது. அது தன் கடிதமே அல்ல, தன் காரியஸ்தன் தனக்குத் தெரியாமல் எழுதியது என்று தாத்தா விசாரணையில் சொல்லியிருக்கிறார். சக்கரவர்த்திக்கு மூன்று மன்னிப்பு மனுக்களும் போட்டிருக்கிறார். மூன்றும் தள்ளுபடி.

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டின் கழுத்துப்பட்டை வியர்வையில் கறுத்திருந்தது. அந்தக் காரியஸ்தன் என்ன ஆனான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. ஆவணத்தில் அவனைப் பற்றி வேறொன்றும் இல்லை, பெயர்கூட இல்லை.

மெஷினில் தாளைச் சொருகினேன். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடித்தேன். அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, உதடு அசைய ஒருமுறை முழுக்க வாசித்தார். முகம் தெளிந்தது.

"பிரமாதம்" என்றார். "இப்போதுதான் உண்மையாக இருக்கிறது."